பேசத் தெரியாதவர் பேசக் கற்ற கதை



போன வருடம் எனக்கு ஒரு செமினார் கொடுத்தார்கள். தலைப்பு டிரான்ஸ்ஃபார்மர். ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்தேன். ஹாஸ்டல் அறையில் சுவரைப் பார்த்து நாலு தடவை ஒப்பித்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் வகுப்பில் போய் நின்றதும் என்ன ஆச்சோ தெரியவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறுபது ஜோடிக் கண்களைப் பார்க்கப் பயந்து கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். படம் போடுகிற சாக்கில் கடைசி வரை அப்படியே நின்றுவிட்டேன். இருபது நிமிடம் பேச வேண்டியது ஏழு நிமிடத்தில் முடிந்தது. அன்று ராத்திரி மெஸ்ஸில் கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன், என் முதுகைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா உள்ளுக்குள்ளே ஒரு பயம். அடுத்து வைவா இருக்கு. அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கு. லேப்பில் மோட்டாரை ஓட்டிக் காட்டத் தெரிந்தவன், அது எப்படி ஓடுகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லத் தெரியாமல் வேலையைக் கோட்டை விட்டால் வீட்டில் என்ன சொல்வது? நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான். பேச்சு என்பது சிலருக்குப் பிறவியிலேயே வருவது, நமக்கு வராது என்று முடிவு கட்டி விடுகிறோம்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. நான் உளறிக் கொட்டிய அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆதாரமான விதியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் எத்தனை தடவை வருகிறது! ஆனால் அவர் எப்படிப் பேசக் கற்றார் என்று எந்தப் பாடத்திலும் வருவதில்லை. அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் மகன்

1791 செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஃபாரடே ஒரு கொல்லர். உடம்பு சரியில்லாதவர், பல நாள் பட்டறைக்கே போக முடியாது. நாலு பிள்ளைகள். 1801-இல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்ட வேண்டும்.

படிப்பு? எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான். அதிலும் ஒரு சிக்கல். சின்ன வயசில் அவர் வாயில் ர வராது. அண்ணன் ராபர்ட்டின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு சம்பவம் சொல்வார்கள். பள்ளி ஆசிரியை கோபப்பட்டு, பையனை அடித்துத் திருத்தப் பிரம்பு வாங்கி வரும்படி அவன் அண்ணனிடமே அரைப் பென்னி காசு கொடுத்து அனுப்பினாராம். அண்ணன் காசை விட்டெறிந்துவிட்டு நேரே அம்மாவிடம் போய்ச் சொல்ல, அம்மா இரண்டு பேரையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டாராம். பின்னாளில் லண்டனே திரண்டு வந்து கேட்ட நாக்கு, அன்றைக்குப் பிரம்படிக்குக் குறி வைக்கப்பட்ட நாக்கு!

1804-இல், பதிமூன்று வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மறு வருடம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் அப்ரண்டிஸ் ஆனார். ஏழு வருட ஒப்பந்தம். ரீபோ நல்ல மனிதர். பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தைப் பையன் படித்தால் திட்ட மாட்டார். தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார் மைக்கேல். ஜேன் மார்செட் என்ற பெண்மணி, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்காக உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் புத்தகத்தையும் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. ஏழு அரைப் பென்னி நாணயம், அதே அளவில் ஏழு துத்தநாகத் தட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த ஆறு காகிதம், இதை அடுக்கி ஒரு பேட்டரியே செய்துவிட்டார்!

முதலில் கேட்கக் கற்றார்

பேச்சுக் கலை என்றால் நாம் உடனே வாயைத் திறப்பதைப் பற்றித்தான் நினைக்கிறோம். ஃபாரடே முதலில் காதைத் திறந்தார்.

1810-இல் லண்டனில் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டிலேயே அறிவியல் சொற்பொழிவுகள் நடத்திவந்தார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசைக் கொடுத்தது பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட். தம்பி போய் உட்கார்ந்து ஒன்று விடாமல் குறிப்பு எடுத்தார். வீட்டுக்கு வந்து அதை விரித்து எழுதினார், படம் போட்டார். கடையில் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவருக்குச் சின்னச் சின்ன வேலைகள் செய்து கொடுத்து, அதற்குப் பதிலாகப் படம் வரையக் கற்றுக்கொண்டார். கடைசியில் எல்லாக் குறிப்பையும் தானே பைண்டிங் செய்து நாலு தொகுதியாக வைத்துக்கொண்டார்.

அந்தத் தொகுதிகளை ரீபோ பெருமையோடு ஒரு வாடிக்கையாளரிடம் காட்டினார். அதன் பலனாக, வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர் 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி பேசும் கூட்டங்களுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். டேவி அன்றைய லண்டனின் நட்சத்திரப் பேச்சாளர். அவர் பேசும் நாளில் அந்தத் தெருவே குதிரை வண்டிகளால் அடைபடும். ஃபாரடே மேல் மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே ஓரிடம் பிடித்து நாலு சொற்பொழிவு கேட்டார். மறுபடியும் குறிப்பு, படம், பைண்டிங். முந்நூறு பக்கத்துக்கு மேல்! அந்தப் புத்தகத்தை 1812 டிசம்பரில் டேவிக்கே அனுப்பி வைத்து வேலை கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். பேசியவருக்கு, தான் பேசியது இன்னொருவர் மனசில் எப்படிப் பதிந்தது என்று அப்படியே திருப்பிக் காட்டியிருக்கிறார். இதைவிடப் பெரிய மனு உண்டா? 1813 மார்ச் 1-ஆம் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷனில் சோதனைக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

இருபத்தொரு வயதில் நாலு கடிதம்

வேலைக்குச் சேர்ந்த ஃபாரடே என்ன செய்தார்? சொற்பொழிவு மேசையில் சாமான் எடுத்து வைப்பார், கழுவுவார், துடைப்பார். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. பேசுகிறவரைக் கவனித்தார். அதைவிட முக்கியமாக, கேட்கிறவர்களைக் கவனித்தார். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்தார்.

பார்த்ததையெல்லாம் 1813 ஜூன் மாதம் தன் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு நாலு கடிதமாக எழுதினார். அபட் தன்னைவிட நன்றாகப் படித்தவர். அவருக்கு எழுதி எழுதியே தன் மொழி நடையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஃபாரடேயின் திட்டம். ஒரு மேடைகூட ஏறாத இருபத்தொரு வயசுப் பையன் எழுதிய அந்தக் கடிதங்களின் சாரம் இதுதான்:

1. அரங்கம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். எல்லா இருக்கையிலிருந்தும் மேசை தெரிய வேண்டும். மூச்சு முட்டுகிற அறையில் எந்தப் பேச்சும் எடுபடாது.

2. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது.

3. பேசுகிறவர் அவசரப்படக் கூடாது. ஆணி அடித்த மாதிரி ஓரிடத்திலேயே நிற்கவும் கூடாது. எக்காரணம் கொண்டும் சபைக்கு முதுகைக் காட்டக் கூடாது. (இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்!)

4. ஆரம்பத்திலேயே கேட்பவர் மனசில் ஒரு தீயை மூட்ட வேண்டும். கடைசி வரை அது அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பந்தமில்லாத கிளைக் கதைக்குப் போனால் தீ அணைந்துவிடும்.

5. சாதாரண உதாரணம் ஒன்றால் விளங்க வைக்க முடியுமானால், அதற்குப் பெரிய கருவியைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. படங்கள் பெரிதாக, தெளிவாக இருக்க வேண்டும்.

6. கைதட்டலுக்காகக் கை ஏந்தக் கூடாது.

இந்த ஆறையும் ஒரு தடவை திரும்பப் படியுங்கள். எல்லாமே கேட்கிறவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. கம்யூனிகேஷன் பாடத்தில் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? பேசுகிறவர், சொல்லும் செய்தி, அது போகும் வழி, கேட்கிறவர், கேட்டவரிடமிருந்து திரும்பி வரும் பதில். ஒரு சர்க்யூட் மாதிரி. எங்காவது ஒரு வயர் விட்டுப்போனால் கரண்ட் ஓடாது. நான் செமினாரில் திரும்பி நின்றேனே, அன்று ஓப்பன் ஆனது அந்தத் திரும்பி வரும் வயர்தான். யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று பார்க்க எனக்குக் கண்ணே இல்லாமல் போனது.

ஒருவரையொருவர் திருத்திய கூட்டம்

1813 அக்டோபரில் டேவியோடு ஃபாரடே ஐரோப்பியப் பயணம் போனார். பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் பார்த்தார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனைப் போல நடத்தினார். பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். பொறுத்துக்கொண்டு 1815-இல் லண்டன் திரும்பினார்.

1816 ஜனவரியில் முதல் மேடை. இடம், டேட்டம் வீட்டில் கூடிய சிட்டி ஃபிலசாஃபிகல் சொசைட்டி. தன்னைப் போன்ற உழைக்கும் இளைஞர்கள் சேர்ந்து படித்த சங்கம் அது. பொருளின் பொதுப் பண்புகள் என்பது தலைப்பு. முழுவதும் எழுதி வைத்துப் பார்த்துத்தான் படித்தார். ஆமாம், ஃபாரடேயும் பேப்பரைப் பார்த்துப் படித்தவர்தான்!

ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்தச் சங்கத்து நண்பர்கள் ஆறேழு பேர் தனியாகச் சேர்ந்தார்கள். எங்கே? ஃபாரடேயின் மாடி அறையில், அல்லது மக்ராத் என்ற நண்பரின் கிடங்கில். என்ன வேலை? ஒருவர் படிப்பார், மற்றவர்கள் உச்சரிப்பைத் திருத்துவார்கள். வாக்கியம் தப்பா இருந்தா மூஞ்சிக்கு நேரே சொல்வார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. சில வருடங்கள் இது விடாமல் நடந்தது. வாத்தியார் இல்லை, கட்டணம் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. நாலு பேர் கூடினால் நாமும் செய்யக்கூடிய காரியம்தானே!

1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவர் நடத்திய பேச்சுக்கலை வகுப்பில் சேர்ந்தார். அதிலும் நூற்றுக்கு மேற்பட்ட பக்கம் குறிப்பு! பிற்பாடு அவரிடமே தனிப்பாடம் எடுத்துக்கொண்டார். ஒரு பாடத்துக்கு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய வாரச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! நாக்கைத் திருத்த ஒருவர் இவ்வளவு செலவழித்தார் என்றால், அதை அவர் ஒரு தொழிலாக மதித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். புத்தகம் தைப்பதை எப்படி ஏழு வருடம் கற்றாரோ அப்படியே பேசுவதையும் கற்றார்.

தனக்காக அவர் எழுதி வைத்துக்கொண்ட சில விதிகள் உண்டு. சொன்ன சொற்றொடரையே திருப்பிச் சொல்லாதே. பின்னால் போய்த் திருத்தாதே. வார்த்தை வரவில்லையா, ம்... ஆ... என்று இழுக்காதே. நிறுத்து. காத்திரு. வார்த்தை தானே வரும். இன்னொருவர் உன் தவறைச் சுட்டிக் காட்டினால் சந்தேகப்படாமல் எடுத்துக்கொள்.

இதில் மூன்றாவது விதியை நான் சோதித்துப் பார்த்தேன். பேச்சின் நடுவே இரண்டு நொடி மௌனம் பேசுகிறவனுக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். கேட்கிறவனுக்கு அது தெரிவதே இல்லை! ஆனால் ம்... ஆ... என்று இழுத்தால் கடைசி பெஞ்ச் உடனே எண்ணத் தொடங்கிவிடும்.

மெதுவாக என்று ஓர் அட்டை

1821-இல் மின்சாரத்தால் கம்பியைத் தொடர்ந்து சுழல வைத்துக் காட்டினார் ஃபாரடே. நம் மோட்டார்களுக்கெல்லாம் அதுதான் தாத்தா. அதே வருடம் ஜூனில் சாரா பர்னார்டுடன் திருமணம். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பிலேயே ஒரு பெரிய சறுக்கலும் நேர்ந்தது. கட்டுரையை அவசரமாக வெளியிட்டவர், அதே திசையில் தமக்கு முன்பே யோசித்து வந்த வொல்லாஸ்டன் பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். அடுத்தவர் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. 1824-இல் ராயல் சொசைட்டிக்கு அவர் தேர்வானபோது எதிர்த்து நின்றவர் வேறு யாருமில்லை, அவரைத் தூக்கிவிட்ட டேவிதான். சொன்னதில் தப்பில்லை, சொல்லாமல் விட்டதில் வந்த வினை. பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது உதவி செய்தவர் பெயரை விட்டுவிடுகிற நமக்கெல்லாம் இது ஒரு பாடம்.

1825-இல் சோதனைக்கூட இயக்குநர் ஆனார். ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு அப்போது பணத் தட்டுப்பாடு. மக்களை உள்ளே இழுக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டங்களையும், சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளையும் வளர்த்தெடுத்தார். 1826 பிப்ரவரியில் நடந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ரப்பரைப் பற்றிப் பேசினார். அதிலிருந்து ஆயுள் முழுக்க அந்த மேடையில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகளில் பேசியிருக்கிறார். கிறிஸ்துமஸ் சொற்பொழிவோ 1827 முதல் 1860 வரை 19 தொடர்கள்!

1827-இல் அந்த அரங்கில் தன் முதல் தொடர் சொற்பொழிவை நடத்தினார். அப்போது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் யார் தெரியுமா? பேச்சு வாத்தியார் ஸ்மார்ட். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே ஃபாரடே அவரை வரவழைத்திருந்தார். பழைய நண்பர் மக்ராத்தும் சொற்பொழிவுகளுக்கு வந்து, உச்சரிப்பில் எங்கே பிசகியது, எங்கே தடுமாறியது என்று பட்டியல் எழுதிக் கொடுப்பார். எல்லாவற்றையும் ஃபாரடே ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பட்டியலையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மனம் திறந்து சொல்லும்படி மேலும் தூண்டினார்.

உற்சாகம் வந்துவிட்டால் ஃபாரடேக்குப் பேச்சு வேகமாகிவிடும். அதற்கும் ஒரு வழி. மெதுவாக என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை எப்போதும் அவர் முன்னால் இருக்கும். அதையும் மறந்து ஓடினால், உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை எடுத்து நேரே கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு மணி முடியப் போகிறது என்றால் நேரம் என்று எழுதிய இன்னொரு அட்டை வரும். புகழின் உச்சியில் இருந்த விஞ்ஞானி, தன் உதவியாளர் காட்டும் அட்டைக்குக் கட்டுப்பட்டார்!

கண்ணுக்கும் சொல்லு

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையம். இந்தப் பக்கம் ஒரு சுருள், அந்தப் பக்கம் ஒரு சுருள். ஒன்றில் மின்சாரத்தை இணைத்த நொடியிலும், துண்டித்த நொடியிலும் மற்றதில் முள் அசைந்தது. மின்காந்தத் தூண்டல் பிறந்தது. அந்த வளையம்தான் என் செமினாரைக் கவிழ்த்த டிரான்ஸ்ஃபார்மரின் ஆதி வடிவம். நவம்பர் 24-ஆம் தேதி ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார்.

ஃபாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. நம்மில் பலருக்குக் கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும், அவருக்கோ கற்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் கண்டதையெல்லாம் சாதாரண வார்த்தையிலும் படத்திலும்தான் சொன்னார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசை கட்டுவதைக் காட்டி, விசைக்கோடுகள் என்று விளக்கினார். புதுப் பொருளுக்குப் பேர் வைக்க வேண்டி வந்தபோது, தனக்குத் தெரியாத கிரேக்க மொழியை விட்டுவிட்டு, தெரிந்தவரிடம் போனார். 1834-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார். ஆனோடு, கேத்தோடு, அயனி என்று நாம் லேப்பில் தினமும் சொல்கிற பெயர்கள் அப்படி வந்தவைதான். சரியான சொல் கிடைக்கும் வரை ஓயாத மனிதர் அவர்.

பின்னாளில் மேக்ஸ்வெல் அதே விசைக்கோடுகளைக் கணக்காக மாற்றினார். 1857-இல் ஃபாரடே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா, அப்போது எங்களைப் போன்றவர்கள் அதைச் சோதனை செய்து பார்க்கலாமே என்பது அதன் கருத்து. அறுபத்தாறு வயதில், உலகம் போற்றும் ஒருவர், எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று இளைஞர் ஒருவரிடம் கேட்கிறார். நாம் வகுப்பில் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்க எவ்வளவு வெட்கப்படுகிறோம்!

இளம் பேச்சாளர் ஒருவருக்கு அவர் சொன்ன அறிவுரை இது. கையிலிருக்கும் கல்லை விட்டால் கீழே விழும் என்று சொல்வதானால், சொன்னதோடு விடாமல் கையைத் திறந்து கல்லை விழவே விட வேண்டும். கேட்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காதுக்குச் சொல்லும்போதே கண்ணுக்கும் காட்ட வேண்டும். காந்தத்தைப் பற்றிப் பேசும்போது அவர் கரி வாளியையும், அடுப்புக் குத்தியையும், இடுக்கியையும் பெரிய மின்காந்தத்தின் மேல் வீசி எறிவார். எல்லாம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் ஆயுளுக்கும் காந்தத்தை மறப்பார்களா?

இவ்வளவு தயாரிப்போடு பேசியவர், ஒரு வெள்ளிக்கிழமை தயாரிக்காமலும் பேசினார். 1846 ஏப்ரல் 3. வீட்ஸ்டோனின் நேரம் அளக்கும் கருவி பற்றிப் பேசி முடித்தும் நேரம் மிச்சம் இருந்தது. மனசில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு யோசனையைச் சொல்லத் தொடங்கினார். ஒளி என்பது விசைக்கோடுகளில் உண்டாகும் அதிர்வாக இருக்கலாமோ என்பது அந்த யோசனை. பின்னால் மேக்ஸ்வெல் நிறுவிய ஒளியின் மின்காந்தக் கொள்கைக்கு அது ஒரு முன்னோட்டமாக அமைந்தது. முப்பது வருடம் தயாரித்துப் பேசிய நாக்குக்குத்தான் தயாரிக்காமல் பேசும் தைரியம் வரும்.

ஒரு மெழுகுவர்த்தி

அவருடைய பேச்சுகளில் மிகப் புகழ் பெற்றது எது? மோட்டாரோ, டைனமோவோ இல்லை. மெழுகுவர்த்தி! வேலைக்குச் சேர்ந்த நாளில் சம்பளத்தோடு கிடைத்ததே, அதே மெழுகுவர்த்திதான். 1848-இலும் 1860-61-இலும் சிறுவர்களுக்கு அதைப் பற்றி ஆறு ஆறு சொற்பொழிவு. மெழுகு எப்படி உருகுகிறது, திரி எப்படி உறிஞ்சுகிறது, சுடர் ஏன் பிரகாசிக்கிறது, எரிந்தால் தண்ணீர் எப்படி உண்டாகிறது, கடைசியில் நம் மூச்சும் ஒரு விதமான எரிதல்தானே என்று கொண்டுபோய் முடித்தார். வீட்டில் கிடக்கும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சுற்றிக் காட்டிவிட்டார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் அவருடைய குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தம் பத்திரிகையில் கட்டுரையாக வரச் செய்தார். 1861-இல் புத்தகமாகவும் வந்தது. இன்றும் அது படிக்கப்படுகிறது.

பிரபுக்கள் வந்தார்கள், இளவரசர்கள் வந்தார்கள். ஃபாரடே பட்டத்தை ஏற்க மறுத்தார், ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். ஆனால் சிறுவர்களுக்குப் பேசுவதை மட்டும் முடிந்த வரைக்கும் விடவில்லை. மேல் மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்த பையனை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வயதாக ஆக ஞாபக மறதி அவரைப் படுத்தியது. 1862 ஜூன் 20-ஆம் தேதி கடைசி வெள்ளிக்கிழமை. சீமென்ஸின் வாயு உலை பற்றிப் பேசினார். பேச்சின் நடுவில் கைக்குறிப்பு தவறுதலாகத் தீயில் பட்டு எரிந்தது. இனி என்னால் முடியாது என்று சபையிடம் சொல்லி விடைபெற்றார். 1867 ஆகஸ்ட் 25-இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் வேண்டாம் என்று முன்பே மறுத்திருந்ததால், ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

1991 முதல் 2001 வரை புழக்கத்தில் இருந்த இங்கிலாந்தின் இருபது பவுண்டு நோட்டில் ஃபாரடே படம் இருந்தது. அதில் அவர் சோதனைக்கூடத்தில் தனியாக இருப்பதாகப் போடவில்லை. கூட்டத்துக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருப்பதாகத்தான் போட்டார்கள்!

நமக்கு என்ன?

நண்பர்களே, ஃபாரடேயிடம் பட்டம் இல்லை, பணம் இல்லை, கணக்கு இல்லை, சின்ன வயசில் ர கூட இல்லை. இருந்தது மூன்று விஷயம். கேட்கும் காது, தினமும் பழகும் பொறுமை, தப்பைச் சொன்னால் நன்றி சொல்லும் மனசு. இந்த மூன்றும் கடையில் விற்பதில்லை. ஆனால் ஒரு ஹாஸ்டல் அறையில் கிடைக்கும்.

நாங்கள் ஐந்து பேர் மூன்று மாதமாக ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூடுகிறோம். ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர்கள் குற்றப் பட்டியல் எழுதித் தர வேண்டும். எனக்கு வந்த முதல் பட்டியலில் பதினேழு குற்றம்! அன்று முதுகைப் பார்த்துச் சிரித்த அதே நண்பன்தான் எழுதியவன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

போன மாதம் எனக்கு மறுபடியும் செமினார் வந்தது. மெதுவாக என்று எழுதிய அட்டையை மேசையில் வைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கால் நடுங்கத்தான் செய்தது. இரண்டு இடத்தில் வார்த்தை வரவில்லை. நிறுத்தினேன், காத்திருந்தேன், வந்தது. படம் போடக் கரும்பலகைக்குப் போனேன், போட்டுவிட்டுத் திரும்பினேன். நண்பர்கள் முகம் தெரிந்தது. மூணாவது பெஞ்சில் ஒருவன் முகத்தில் புரியாத குறி தெரிந்தது. அவனுக்காக அந்த வளையத்தை இன்னொரு தடவை விளக்கினேன்.

அவன் தலையாட்டினான். சர்க்யூட் முழுமை ஆனது!

மொட்டை மாடியில் இன்னும் இடம் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் வாருங்கள். ஒரு பேனாவும் பேப்பரும் எடுத்து வந்தால் போதும், என் தப்புகளை எழுத!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை